கையொப்பம் இடுமுன்

பதவி உயர்வு ஒரே நாளில் வந்துவிடுகிறது. பதவிக்குரிய பக்குவம் அவ்வாறு வந்துவிடுவதில்லை. நேற்றுவரை மேசைக்கு இப்புறம் நின்றவர் இன்று அப்புறம் அமர்கிறார். நாற்காலி மாறியதனால் அவர் அறிந்தவை கூடிவிடவில்லை. அவரிடம் கேட்கப்படும் வினாக்கள் மட்டும் பத்து மடங்கு கூடிவிடுகின்றன. முன்னாளில் இந்த இடைவெளியை மூத்தவர் ஒருவர் நிரப்பினார். அவர் கடிதம் எழுதும் முறை, கோபத்தை அடக்கும் முறை, கணக்கில் ஐயம் எழுந்தால் எந்தப் பேரேட்டைப் புரட்டுகிறார் என்பது ஆகிய யாவற்றையும் பக்கத்தில் அமர்ந்து பார்த்துப் பார்த்தே இளையவர் தேறினார். அதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன. இன்று அத்தனை ஆண்டுகள் காத்திருப்பார் இல்லை. மூத்தவர் இருந்த இடத்தில் ஒரு கணினித் திரை வந்து அமர்ந்திருக்கிறது. கேட்டவுடன் அது விடை தருகிறது, சலித்துக்கொள்வதில்லை, "இதுகூடத் தெரியாதா?" என்று முகம் சுளிப்பதுமில்லை.

செயற்கை நுண்ணறிவு எனப்படும் அக்கருவியைப் புதிதாக மேலாளர் பொறுப்பேற்றவர்கள் எவ்வாறு கற்கத் தொடங்குவது, எங்கே அதை நம்புவது, எங்கே நிறுத்துவது என்பன பற்றி நாம் கண்டறிந்த சிலவற்றை ஈண்டு எழுதுகிறோம். நாம் கணினி வல்லுநர் அல்லோம். தோல் வணிகத்தில் தலை நரைத்தோம், அவ்வளவே. ஆயினும் இது கணினியைப் பற்றிய கேள்வியாக இருப்பதைவிடப் பொறுப்பைப் பற்றிய கேள்வியாகவே மிகுதியும் இருக்கிறது என்பது நமது எண்ணம்.

1981ஆம் ஆண்டில் சென்னைப் பெரியமேட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்த நாள் முதல், செய்தி அனுப்பும் கருவிகள் பல மாறக் கண்டோம். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே சொற்களை எண்ணி எழுதினோம். டெலக்ஸில் நேரத்திற்குக் காசு. ஆகவே செய்தியை முன்னதாகவே காகித நாடாவில் துளையிட்டு வைத்துக்கொண்டு, தொடர்பு கிடைத்ததும் ஓடவிட்டோம். பின்னர் ஃபேக்ஸ் வந்தது, மின்னஞ்சல் வந்தது. தந்தியை 2013 ஜூலையில் நாடே வழியனுப்பி வைத்தது. கருவிகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக மாறியபோதும் மாறாமல் நின்றது ஒன்றுண்டு. கடிதத்தின் அடியில் ஒருவருடைய பெயர் இருந்தது. சரக்கில் பழுது என்று எதிர்முனையிலிருந்து முறையீடு வந்தால், அந்தப் பெயருக்குரியவரைத்தான் முதலாளி தம் அறைக்கு அழைத்தார். டெலக்ஸ் இயந்திரத்தை அழைக்கவில்லை.

ஓய்வு பெற்றுவிட்ட நம்மை, சென்ற மழைக்காலத்தில் நிறுவனத்தின் இளைய முதலாளி அழைத்தார். மூவரை அவர் மேலாளர்களாக உயர்த்தியிருந்தார். ஒருவர் கட்டிங் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் தோல் வெட்டியவர். மற்றொருவர் வெளிநாட்டு வணிகர்களுடன் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வந்த பெண்மணி. மூன்றாமவர் கணக்குப் பிரிவு இளைஞர். மூவரும் சாட் ஜிபிடி என்னும் கருவியைப் பயன்படுத்த நிறுவனமே கட்டணம் செலுத்தியிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கட்டிங் மேலாளர் அதைத் திறக்கவேயில்லை. பெண்மணி, நன்றி கூறும் இரண்டு வரிக்கும் அதையே நாடினார். கணக்கு இளைஞர் நாள்தோறும் பயன்படுத்தினார். ஆனால் எவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் தமக்கு வேலை தெரியாதென்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம்.

அச்சம், அளவிறந்த நம்பிக்கை, மறைப்பு என்னும் இம்மூன்றையும் மூவரிடத்தும் தனித்தனியே கண்டோம். புதிய மேலாளர் எவரிடத்தும் இவற்றுள் ஒன்று இருக்கும் என்று இப்போது நம்புகிறோம்.

"பாய், மெஷினை இவங்களே கத்துக்குவாங்க. அதுகிட்ட எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாதுன்னு மட்டும் நீங்க கொஞ்சம் உட்கார்ந்து சொல்லுங்க" என்றார் முதலாளி. சனிக்கிழமை பிற்பகல்தோறும் மூவருடனும் அமர்ந்தோம். கருவியை இயக்குவதை அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். வேலையைப் பற்றி நாம் பேசினோம். இருதரப்பும் கற்ற வகுப்பு அது.

கருவியின் இயல்பை முதலில் அறிந்தாக வேண்டும். 2017இல் கூகுள் நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர் எண்மர், டிரான்ஸ்ஃபார்மர் என்னும் கணினி அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இன்றைய மொழிக் கருவிகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின்மீது எழுந்தவையே. ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட் ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அளவிட இயலாத அத்தனை எழுத்தைக் கணினிக்குப் புகட்டி, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத் தகும் என்று கணிக்கும் ஆற்றலை முதலில் ஊட்டுகிறார்கள். பின்னர் அதன் விடைகளை மனிதர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்து பழக்குகிறார்கள். அதனால்தான் அது சரளமாகப் பேசுகிறது. சரளம் அதன் தொழில். உண்மை பல வேளைகளில் அந்தச் சரளத்தோடு சேர்ந்தே வருகிறது. சில வேளைகளில் வருவதில்லை. வராதபோதும் நடை தடுமாறுவதில்லை என்பதே ஆபத்து.

மூவருக்கும் நாம் சொன்ன உவமை ஒன்றுண்டு. அஞ்சலக வாயிலில் அமர்ந்து மனு எழுதித் தருவோரை வாசகர்கள் கண்டிருப்பர். நிலத் தகராறா, முதியோர் உதவித்தொகையா, காணாமற்போன பணவிடையா, எதுவாயினும் அவர் எழுதித் தருவார். முறையான தொடக்கம், பணிவான நடை, பொருத்தமான முடிவு ஆகிய அனைத்தும் இருக்கும். ஆனால் நிலம் உண்மையில் உம்முடையதா என்பதை அவர் அறியார். அறிவது அவர் வேலையுமன்று. மனுவில் பொய்யிருந்தால் அதிகாரி கேள்வி கேட்பது மனுதாரரையே. இக்கருவி அத்தகைய எழுத்தர். மிகவும் படித்த, களைப்பறியாத எழுத்தர். இப்போது சில கருவிகள் இணையத்தில் தேடி, செய்தி எடுத்த இடத்தையும் காட்டுகின்றன. காட்டிய இடத்தைத் திறந்து படிப்பது நம் வேலையாகவே எஞ்சுகிறது.

முதல் பாடமாக நாம் வைத்தது, தெரிந்ததைக் கேட்பது. தெரியாததைக் கேட்பதுதானே இயல்பு என்று தோன்றும். தொடங்குகிறவருக்கு அது தகாது. கட்டிங் மேலாளரிடம், அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்த வேலையைப் பற்றியே கேட்கச் சொன்னோம். செருப்பின் மேற்பகுதியை ஆட்டுத்தோலின் எப்பகுதியில் வெட்ட வேண்டும் என்று கேட்டார். முதுகுப் புறத்தில் இறுக்கமும் வயிற்றுப் புறத்தில் தளர்ச்சியும் உண்டு, முன்முகப் பகுதியை நல்ல இடத்தில் வெட்டி, மறைவான துண்டுகளை ஓரங்களில் எடுக்க வேண்டும், தோல் இழுபடும் திசையையும் கவனிக்க வேண்டும் என்று அழகாகச் சொல்லிற்று. அவர் முகத்தில் வியப்பு. அடுத்து, ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் பிடிக்கும் என்று கேட்டார். எந்த மாதிரி, எந்த அளவு, எந்தத் தரத்துத் தோல் என்று ஒரு வினாவும் எழுப்பாமல் ஓர் எண்ணைச் சொல்லிற்று. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"தம்பி, ஏன் சிரிக்கிறீங்க?" என்றோம்.

"பாய், மாடலைப் பார்க்காம கன்சம்ப்ஷன் சொல்ற ஆளை நான் ஷாப்புக்குள்ளேயே விடமாட்டேன்!"

"ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்களா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. இரண்டு விடைகளும் ஒரே நடையில், ஒரே உறுதியோடு வந்தவை. ஒன்று சரி, மற்றொன்று ஆகாது என்று பிரித்துக் காட்டியது கருவியன்று. அவருடைய பன்னிரண்டு ஆண்டுகள். தமக்குத் தெரிந்த துறையில் கருவி எங்கே வழுக்குகிறது என்று கண்டவருக்கு, தெரியாத துறையில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அச்சமும் அன்றே அவரிடமிருந்து நீங்கிற்று. தம்மைவிட அது எல்லாம் அறிந்தது என்று அஞ்சித்தான் அவர் ஒதுங்கியிருந்தார்.

இரண்டாம் பாடம் பெண்மணியிடமிருந்து பிறந்தது. ஜெர்மனியிலுள்ள வணிகர் ஒருவருக்குச் சரக்கு பன்னிரண்டு நாள் தாமதமாகும் என்று எழுத வேண்டியிருந்தது. "தாமதத்திற்கு வருந்தி ஒரு கடிதம் எழுது" என்று மட்டும் கருவியிடம் சொன்னார். முழுப்பக்கக் கடிதம் வந்தது. எல்லாப் பிழையும் எம்முடையதே, இனி ஒருபோதும் நேராது, ஆகும் இழப்பனைத்தையும் ஈடுசெய்வோம் என்று அதில் இருந்தது. எவர் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்? எவரும் கொடுக்கவில்லை, மன்னிப்புக் கடிதங்களில் பொதுவாக இருப்பதை அது எழுதிற்று.

புதிய வேலையாள் ஒருவரிடம் இதே வேலையைக் கொடுத்தால் என்னென்ன சொல்வீர்கள் என்று அவரைக் கேட்டோம். யாருக்கு எழுதுகிறோம், அவருடன் எத்தனை ஆண்டுப் பழக்கம், தாமதம் எதனால், எத்தனை ஜோடி இப்போது அனுப்ப முடியும், எதை வாக்களிக்கலாம், எதை வாக்களிக்கலாகாது, எத்தனை வரிக்குள் முடிய வேண்டும் என்று அவரே வரிசையாகச் சொன்னார். அவ்வளவையும் கருவியிடம் சொல்லச் சொன்னோம். இரண்டாம் முறை வந்த கடிதம் செம்மையாக இருந்தது. ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, தம் நடையில் ஒரு வரி சேர்த்தார். அது அந்த வணிகரின் மகள் திருமணத்தை விசாரிக்கும் வரி. கருவி அதை அறிந்திருக்க வழியில்லை.

இதில் நாம் கண்ட உண்மை பெரிது. கருவிக்கு ஏவல் சொல்லக் கற்பது, மனிதருக்கு ஏவல் சொல்லக் கற்பதிலிருந்து வேறானதன்று. புதிய மேலாளர் பலர் இடறுவது இங்கேதான். நேற்றுவரை தாமே செய்த வேலையை இன்று பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். நோக்கம், எல்லை, கெடு ஆகிய எவற்றையும் தெளிவாகச் சொல்லாமல் "பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். வேலையாள் நம் முகம் பார்த்துப் பாதியை ஊகித்துக்கொள்வார். கருவிக்கு நம் முகம் தெரியாது. சொன்னதை மட்டுமே கொண்டு எழுதி, நம் ஏவலில் இருந்த ஓட்டையை அப்படியே திரும்பக் காட்டிவிடும். அந்த அளவில் அது நல்ல கண்ணாடி. சில வாரங்களில் அப்பெண்மணி தம் கீழுள்ள இருவருக்கு வேலை சொல்லும் முறையே திருந்தியிருந்தது.

நீண்ட ஆவணங்களைப் படிக்கவும் அவர் கருவியைத் துணைக்கொண்டார். வெளிநாட்டு வணிகர்கள் அனுப்பும் விதித்தொகுப்புகள் பக்கம் பக்கமாக நீளும். அவற்றில் எங்கே எந்தச் சோதனை கேட்கப்பட்டிருக்கிறது என்று தேடித் தரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கேட்டார். பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்தார். உடலில் படும் தோற்பொருள்களில் ஆறாம் நிலைக் குரோமியம், தோலின் உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டலாகாது என்பது 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதி. அந்த எண்ணைக் கருவி சரியாகவே எடுத்துக் கொடுத்தது. ஆனால் எண்ணை அறிவது வேறு. நம் கிடங்கிலுள்ள தோல் அந்த எண்ணுக்குள் அடங்குகிறது என்று எழுதித் தருவது வேறு. பின்னதைச் சொல்ல ஆய்வுக்கூடத்திற்குத்தான் உரிமை. வாக்கியம் அமைப்பதற்கும் சான்று வழங்குவதற்கும் உள்ள இந்த வேற்றுமையைப் புதியவர்கள் மனத்தில் ஆழப் பதிக்க வேண்டும்.

இக்கருவியால் பயன் உண்டா என்பதை அளந்து பார்த்தவர்களும் உளர். எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் ஆகிய மூவர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் குறை தீர்க்கும் பணியாளர் 5,179 பேருடைய வேலையை ஆராய்ந்தனர். கருவியின் துணையால், ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட குறைகள் சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தன. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் அது 34 விழுக்காடாக இருந்தது. தேர்ந்தவர்களிடம் மாற்றம் மிகக் குறைவு. கைதேர்ந்தவர்களின் வழிமுறையைக் கருவி புதியவர்களுக்குக் கடத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அதே 2023இல் ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர், பாஸ்டன் கன்சல்டிங் குரூப் நிறுவனத்தின் ஆலோசகர் 758 பேரிடம் நடத்திய ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டிற்று. கருவியின் ஆற்றலுக்கு உட்பட்ட வேலைகளில் அவர்கள் 12.2 விழுக்காடு கூடுதலாகவும், 25.1 விழுக்காடு விரைவாகவும் பணி முடித்தனர். கருவியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகத் தேர்ந்தெடுத்த ஒரு வேலையிலோ, கருவியைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடையை எட்டும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 19 புள்ளிகள் குறைந்திருந்தது. வேலை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் புதிய மேலாளரின் நிலை விளங்கும். மிகுதியும் பயன்பெறக் கூடியவர் புதியவர். பிழையைக் கண்டுகொள்ளும் கண் இன்னும் திறவாதவரும் அவரே.

பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதற்கு நீதிமன்றங்கள் விடை கூறத் தொடங்கிவிட்டன. நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், வழக்கறிஞர்கள் முன்தீர்ப்புகள் சிலவற்றை எடுத்துக்காட்டினர். அவை சாட் ஜிபிடி புனைந்தவை. அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. இவை உண்மையா என்று அந்தக் கருவியிடமே கேட்டதற்கு, உண்மை என்றே அது சொல்லியிருந்தது. 2023 ஜூன் மாதத்தில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். கருவியைப் பயன்படுத்தியதில் தவறில்லை, தாக்கல் செய்வது உண்மையா என்று பார்க்கும் காவற்கடமை வழக்கறிஞருடையது என்பது தீர்ப்பின் சாரம்.

கனடாவில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. பாட்டியை இழந்த ஒருவர், துக்கப் பயணத்திற்குரிய சலுகைக் கட்டணம் பற்றி ஏர் கனடா நிறுவனத்தின் இணையதள உரையாடு கருவியிடம் கேட்டார். பயணம் முடிந்த பின்னும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. நிறுவன விதி அவ்வாறில்லை. வழக்கு வந்தபோது, அந்தக் கருவி தனிப் பொறுப்புடைய ஒன்று என்னும் பொருள்பட நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தன் இணையதளத்திலுள்ள எல்லாச் செய்திக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, ஈடு கொடுக்கச் சொன்னது. இவ்விரு வழக்குகளையும் கணக்கு இளைஞரிடம் படிக்கக் கொடுத்தோம். "அப்போ மெஷின் தப்புன்னு சொல்லித் தப்பிக்க முடியாது பாய்" என்றார். அதுதான் முழுச் செய்தியும்.

அவரிடம் பேச வேண்டியது இன்னொன்றும் இருந்தது. தொழிலாளர் பட்டியலை, பெயர், ஊதியம், வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகியவற்றோடு அப்படியே கருவியில் இட்டுக் கூட்டல் சரிபார்க்க எண்ணியிருந்தார். நல்ல வேளையாக, முன்னதாகவே கேட்டார். 2023இல் சாம்சங் நிறுவனத்தில் ஊழியர் சிலர் மறைவாக வைக்க வேண்டிய நிரல்களைச் சாட் ஜிபிடியில் இட்டதாகத் தெரியவந்து, மே மாதத்தில் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை விதித்தது. நம் நாட்டிலும் தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, எளிய விதி ஒன்றை அவருக்குச் சொன்னோம். தொழிற்சாலை வாயிலில் எல்லாரும் படிக்க ஒட்டிவைக்க மனம் ஒப்பாத எதையும் கருவியில் இடலாகாது. பெயர்களை நீக்கி, எண்களை மாற்றி, கணக்கின் அமைப்பை மட்டும் கேட்டால் போதும். அவ்வாறே செய்தார், வேண்டிய வாய்பாட்டைக் கருவி சொல்லிக் கொடுத்தது, கூட்டலைத் தம் கணினியிலேயே முடித்தார். அதற்குப்பின் அவர் ஒளித்துச் செய்வதை விட்டார். தாம் கருவியை எதற்குப் பயன்படுத்தினோம் என்று மற்ற இருவரிடமும் சொல்வதைச் சனிக்கிழமை வழக்கமாகவே கொண்டார்.

இதுவரை சொன்னவை கடிதமும் கணக்கும். மனிதர்களைப் பற்றியதுதான் மேலாளரின் கடினமான வேலை. அங்கே வந்த சோதனையைச் சொல்லியாக வேண்டும்.

கட்டிங் பிரிவில் மூத்த தொழிலாளி ஒருவர் வெட்டிய துண்டுகளில் கழிவு இரண்டு மாதமாக ஏறிக்கொண்டே போயிற்று. முள் கீறலும் உண்ணிக் கடித் தழும்பும் உள்ள இடங்கள் செருப்பின் முகப்பிலேயே வந்து அமர்ந்தன. எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும்படி மேலிடத்திலிருந்து சொல் வந்தது. இதற்குள் கருவியை நன்கு பழகிவிட்ட மேலாளர், விவரங்களைக் கொடுத்துக் கடிதம் ஒன்றை ஆக்குவித்து நம்மிடம் காட்டினார். தமிழ் பிழையற்றிருந்தது. தேதிவாரியாகக் கழிவுக் கணக்கு, மரியாதையான நடை, திருந்தாவிடில் நடவடிக்கை என்னும் முடிவு. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்தத் தொழிலாளிதான் இவருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் என்பதை நாம் அறிவோம்.

"தம்பி, அவர்கிட்ட பேசினீங்களா?"

"இல்லை பாய். அவர் முகத்தைப் பார்த்து என்னால பேச முடியலை. அதனாலதான் இதுல எழுதினேன்."

அந்த விடையில் பொய்யில்லை. கருவி அவருக்கு ஒரு மறைவிடமாக அமைந்துவிட்டது. பேசத் தயங்கும் உள்ளத்திற்கு, உடனே ஆயத்தமாகும் கடிதத்தைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. விளக்கம் கேளாமல் தண்டிக்கலாகாது என்பது தொழிற்சாலைச் சட்ட மரபு; அதனினும் முன்னதாக அது மனித மரபு. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, ஒரு தேநீர் வேளையில் அவரோடு பேசிவிட்டு வாருங்கள் என்றோம்.

போய் வந்தார். பெரியவருக்கு இரு கண்களிலும் புரை விழுந்திருந்தது. வெளிர் நிறத் தோலில் தழும்பு தெரிவதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று வீட்டாருக்கும் சொல்லாமல், விரலால் தடவித் தடவி வெட்டி வந்திருக்கிறார். இந்தச் செய்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாததைக் கருவி எவ்வாறு அறியும்?

ஒரு கண்ணுக்கு அறுவை நடந்திருக்கிறது; மறு கண் பாக்கியிருக்கிறது. பழைய வேகத்தில் அவர் மீண்டும் வெட்டுவாரா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இப்போதைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழக்கித் தரும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குரிய ஊதியம் பற்றி முதலாளியிடம் வாதாடியவர் அந்த மேலாளரே. வாதத்திற்கு வேண்டிய கணக்குகளை ஒழுங்குபடுத்த அவர் கருவியின் துணையைத்தான் நாடினார். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. முதலில் சென்று பேசினார், பிறகு எழுதினார். வரிசை அதுவாக இருக்க வேண்டும் என்பதே நாம் கூறுவது.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். தொழிலாளர்க்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் செய்திகளைக் கருவி தமிழில் எழுதித் தருகிறது. ஆயினும் கூடத்தில் எவரும் பேசாத சொற்கள் அதில் புகுந்துவிடுகின்றன. ஷிப்ட் என்று எல்லாரும் சொல்வதை அது சுழற்சிமுறைப் பணிநேரம் என்று எழுதிற்று. படித்தவர் பாராட்டலாம், படிக்க வேண்டியவர் தாண்டிப் போய்விடுவார். ஒட்டுவதற்கு முன் கூடத்தில் உள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டுவது நன்று. அவர் நெற்றி சுருங்கும் இடத்தில் சொல்லை மாற்றிவிடலாம்.

முதலாளிமார்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. கட்டணம் கட்டிக் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததாக எண்ணலாகாது. கற்பதற்கு வேலை நேரத்திலேயே வாரம் ஓரிரு மணி ஒதுக்க வேண்டும். எதை இடலாம், எதை இடலாகாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். "இதைக் கருவியைக் கொண்டு எழுதினேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை இளக்காரமாகப் பார்க்கலாகாது; அவ்வாறு பார்த்தால் எல்லாரும் மறைப்பார்கள், பிழையும் மறைவிலேயே வளரும். எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் வீண். பயன்படுத்தாமல் விட்ட இடத்தில் ஏன் விட்டார் என்று கேட்டால், மேலாளரின் தரம் அதில் தெரிந்துவிடும்.

புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பிமார்களும் தங்கைமார்களும் அஞ்ச வேண்டியதில்லை. முதல் வாரம் உங்களுக்கு நன்கு தெரிந்ததையே கேளுங்கள். அது எங்கே வழுக்குகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்து, வாரந்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு வேலை ஒன்றைக் கொடுங்கள். கூட்டக் குறிப்புகளைச் சுருக்குவது, ஒரே கடிதத்தை இருவேறு நடையில் எழுதுவது, கடினமான பேச்சுக்கு முன் எதிராளி என்னென்ன கேட்கக்கூடும் என்று ஒத்திகை பார்ப்பது ஆகியன தொடக்கத்திற்கு ஏற்றவை. எண், தேதி, சட்டம், மனிதர் பெயர் ஆகிய நான்கும் வரும் இடங்களில் மூலத்தைத் திறந்து பாராமல் நகராதீர்கள். வந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் சொல்ல மாட்டாத வரி ஒன்று இருந்தால் அடித்துவிடுங்கள்.

பிறகு உங்கள் பெயரை எழுதுங்கள். எழுதும்போது, இதைப் பெறுகிறவர் நேரில் வந்து "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டால் திரையைப் பாராமல் விடை சொல்ல முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியுமென்றால் அனுப்பலாம். முடியாதென்றால் அந்தத் தாள் இன்னும் உங்களுடையதாகவில்லை. அதில் உங்கள் வேலை பாக்கியிருக்கிறது.